முப்பத்தாறு

டாகோராடிச் சந்தை வட்டத்தில்
பழைய உள்ளாடை விற்கிறேன்.
கப்பலில் மூட்டையாக வரும்,
குளிர்நாட்டு மார்புகள் கழற்றிப் போட்டவை.
கொக்கி போனதைத் தைத்து
துவைத்து உலர்த்தி
கம்பியில் வரிசையாக மாட்டுவேன்.
அளவு நாடா என்னிடம் இல்லை.
வருகிறவள் நடையைப் பார்த்தாலே
முப்பத்தாறா முப்பத்தெட்டா சொல்லிவிடுவேன்.
போதகர் மனைவிக்கு மட்டும்
குரலைத் தாழ்த்திச் சொல்வேன்.

சனிக்கிழமை விடியுமுன்
ட்ரம்பெட் ஒன்றும் முரசு இரண்டும் முன்னால் போக
எங்கள் விடிவெள்ளி உடற்பயிற்சிக் கழகம்
துறைமுகச் சாலையில் ஓடும்.
மஞ்சள் பனியனில் நாற்பது பெண்கள்.
நான் சேர்ந்தது வியாபாரத்துக்கு.
குலுங்குகிறவர்களுக்கு அல்லவா
நல்ல பட்டை வேண்டும்!
மூன்றாம் மாதம்
இடுப்பு மணிச்சரம் ஒரு விரல் கீழே இறங்கியது.
இரவு அக்பெதெஷியை விட்டேன்.
சில இரவுகள்
அது என்னை விடவில்லை.

பென்ட்சிவா எப்போதும் முதல் வரிசை.
கொகோ லாரியை மேட்டில் முந்துவாள்.
மீனை வறுக்க மாட்டாள்,
மால்ட் பாட்டிலை மோந்துகூடப் பார்க்க மாட்டாள்,
மூன்று பிள்ளைகளுக்கும்
இரண்டிரண்டு வருடம் பால் கொடுத்தவள்.
யாராவது மூச்சு வாங்கி நின்றால்
அவளைக் காட்டித்தான் திட்டுவார்
விசில்காரர் கோபினா.

அவள்தான் ஒரு புதன்கிழமை
"மாற்றிக்கொடு, இடது பக்கம் மட்டும் பிடிக்கிறது"
என்று வந்து நின்றாள்.
திரைக்குப் பின்னால் போகச் சொன்னேன்.
கையைத் தூக்கு என்றேன்.
தூக்கினாள்.
ஆரஞ்சுத் தோலில் யாரோ
கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி
ஒரு சின்னப் பள்ளம்.

மாற்றித் தர மாட்டேன் என்றேன்.
ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.
"ஓடுகிறவளுக்கு அது வராது" என்றாள்.
காசைத் திருப்பிக் கேட்டாள், கத்தினாள்.
கறிக்கடை சுலே
கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.
நானும் கத்தினேன்:
ஓட்டை அடைத்துத்தான்டி
படகைக் கடலில் இறக்குகிறோம்.
அதற்காக
அலையிடம் கையெழுத்தா வாங்கியிருக்கிறோம்?

வியாழன் கடை திறக்கவில்லை.
அவளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
நர்ஸ் என்னையும் உள்ளே கூப்பிட்டாள்.
மூன்று விரல், சின்னச் சின்ன வட்டம், அக்குள் வரை.
நீங்களே செய்து காட்டுங்கள் என்றாள்.
ஊர் மார்பையெல்லாம் கண்ணால் அளந்தவள்,
என்னுடையது எங்கே தொடங்குகிறது என்று
விரலுக்குத் தெரியவில்லை.
எனக்கு ஒன்றும் இல்லை.
திரும்பி வரும்போது
என் செருப்புச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது.

தாமதம் ஆகிவிடவில்லை என்றார்கள் அவளிடம்.
ஒன்றை எடுத்தார்கள்.
ஓடிப் பழகிய இதயம், மருந்தைத் தாங்கும் என்றார் டாக்டர்.
அதற்கு அவள் சிரித்தாளா முறைத்தாளா,
பின்னால் ஒருநாள் சொல்லிக் காட்டியபோது
புருவம் இல்லாத முகத்தில்
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மழை ஓய்ந்து வந்தாள்,
அதே முப்பத்தாறைக் கையில் சுருட்டிக்கொண்டு.
இடது கப்புக்குள் பருத்திப் பை தைத்தேன்.
சுலேயிடம் தராசு கேட்டேன்.
தட்டை இரண்டு முறை துடைத்துத் தந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
எவ்வளவு இருந்திருக்கும்?
இருவரும் முள்ளையே பார்த்தோம்.
கம்பு ஒரு பிடி.
இன்னொரு பிடி.
"போடு" என்றாள் பென்ட்சிவா,
"மூன்று பேர் குடித்ததடி அது.
சந்தைப் புத்தியைக் காட்டாதே."

சனிக்கிழமை அவள் ஓடவில்லை, நடந்தாள்.
முரசு எங்கேயோ முன்னால் போய்விட்டது.
அடிக்கு அடி
கம்பு சலசலத்தது.
பக்கத்தில் வந்த நான்
அதற்குக் காலை மாற்றிக்கொண்டேன்.